பிக்கப் சரக்குந்தின் அடிப்பகுதிக் காப்பு

பிக்கப் சரக்குந்தின் அடிப்பகுதிக் காப்பு என்பது, பின்புறம் திறந்த சரக்குத் தளத்தைக் கொண்ட சிறு சரக்குந்துகளின் அடியில் அமைந்துள்ள சட்டகம், எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி, பற்சக்கரப் பெட்டி, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள் முதலியவற்றைக் கல், சேறு, நீர், உப்பு ஆகியவற்றிலிருந்து காக்கும் தகடுகளையும் பூச்சுகளையும் குறிக்கும். மோதலைத் தாங்குவதற்காகப் பொருத்தப்படும் கனமான தகடு சறுக்குத்தகடு எனப்படுகின்றது. துருவைத் தடுப்பதற்காகத் தடவப்படும் மெழுகு, எண்ணெய், வண்ணம் முதலியவை அடிப்பூச்சு எனப்படுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு பணிகளைச் செய்பவை. எனினும் சறுக்குத்தகடு சட்டகத்தில் மரையாணிகளால் தொங்குவது. சட்டகம் துருவால் அரிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு உறுதியான தகட்டாலும் பயனில்லை. ஆகவே செப்பனிடும்போது இரண்டையும் ஒருங்கே கருதுவது வழக்கம்.

இக்கட்டுரை பெரும்பாலும் வட அமெரிக்காவில் ஓடும் பிக்கப் சரக்குந்துகளைப் பற்றியது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் வழக்கம் அங்கு மிகுதி என்பதாலும், அங்கு விற்கப்பட்ட டொயோட்டா டகோமா வண்டிகளின் சட்டகங்கள் துருப்பிடித்த செய்தி இத்துறையில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு என்பதாலும் இவ்வாறு கொள்ளப்பட்டது.

அடிப்பகுதியின் அமைப்பு

இக்காலத் தானுந்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகின்றது. பிக்கப் சரக்குந்துகளிலோ பெரும்பாலும் ஏணிச் சட்டகம் உள்ளது. முன்னிருந்து பின்வரை செல்லும் இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போலத் தோன்றுவதால் இப்பெயர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனைச் சேசு என்பர். ஓட்டுநர் அறையும் சரக்குத் தளமும் இதன்மேல் தனித்தனியாகப் பொருத்தப்படுகின்றன.

நீண்ட சட்டங்கள் இரண்டு வகையாகச் செய்யப்படுகின்றன. ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம் ஒன்று. நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம் மற்றொன்று. பெட்டி வடிவம் முறுக்கத்தை நன்கு தாங்கும். ஆனால் உட்புறத்தில் சேறும் உப்புநீரும் புகுந்து தேங்கினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நீர் வடிவதற்காக விடப்பட்ட துளைகள் மண்ணால் அடைபட்டுவிட்டால் சட்டம் உள்ளிருந்து வெளிநோக்கி அரிக்கப்படும். வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உலோகம் தாள்போல மெலிந்திருப்பது இதனாலேயே. வாய்க்கால் வடிவச் சட்டத்தைக் கழுவுவதும் பார்ப்பதும் எளிது. ஆயினும் அதிலும் வலுவூட்டலுக்காக இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட இடங்கள் உண்டு. அவற்றின் இடுக்கில் புகும் நீர் எளிதில் உலர்வதில்லை.

சட்டகத்துக்குக் கீழே அல்லது அதை ஒட்டித் தொங்கும் உறுப்புகளுள் எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியே எளிதில் சிதைவது. மெல்லிய எஃகுத் தகட்டாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ ஆன இத்தொட்டி கல்லில் மோதி உடைந்தால் எண்ணெய் சில நிமிடங்களில் வடிந்துவிடும். அதை அறியாமல் ஓட்டினால் எந்திரமே இறுகிப் பாழாகும். நான்கு சக்கர இயக்கமுடைய வண்டிகளில் பற்சக்கரப் பெட்டிக்குப் பின்னால் உள்ள பகிர்வுப் பெட்டி, முன் அச்சின் டிஃபரன்சியல், எரிபொருள் தொட்டி ஆகியனவும் தகடு வேண்டுபவை.

சறுக்குத்தகடு

சறுக்குத்தகட்டின் நோக்கம் அதன் பெயரிலேயே உள்ளது. பாறையின்மேல் வண்டி இறங்கிவிட்டால், அதன் எடை உறுப்புகளின்மேல் விழாமல் தகட்டின்மேல் விழுந்து, தகடு பாறைமேல் சறுக்கிச் செல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது 1941 முதல் உருவாக்கப்பட்ட வில்லிசு எம்பி ஜீப்பிலேயே பகிர்வுப் பெட்டியின் அடியில் இத்தகைய தகடு இருந்தது. போருக்குப் பின்னர் நான்கு சக்கர இயக்கமுடைய பிக்கப் சரக்குந்துகளிலும் இவ்வழக்கம் பரவியது.

புதிய வண்டி வாங்கும் பலர் முன்பக்கத்தின் அடியில் கரிய தகடு ஒன்றைக் கண்டு இதுவே சறுக்குத்தகடு என நினைப்பதுண்டு. பல வண்டிகளில் அது பிளாஸ்டிக்கால் ஆன தெறிப்புமறைப்பு மட்டுமே. சேறும் நீரும் எந்திரத்தின்மேல் தெறிக்காமல் தடுப்பதும் காற்றோட்டத்தைச் சீராக்குவதும் அதன் வேலை. கல் மோதினால் அது உடைந்துவிடும். மேற்படிவ வண்டிகளில் தொழிற்சாலையே அழுத்தி வடித்த எஃகுத் தகட்டைத் தருகின்றது. அது பெரும்பாலும் மெல்லியது. மண்சாலைக்கும் சிறு கற்களுக்கும் போதும், பாறை நிலத்துக்குப் போதாது.

தனியாக விற்கப்படும் கனத் தகடுகள் மூன்று பொருள்களால் ஆனவை. மெல்லெஃகுத் தகடு மிகப் பரவலானது. வட அமெரிக்காவில் இதன் வழக்கமான தடிமன் 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.8 மி.மீ. அலுமினியத் தகடு பெரும்பாலும் 1/4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 மி.மீ. தடிமன் கொண்டது. மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுடைய பாலியெத்திலீன் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக் மூன்றாவது.

எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே எதைத் தெரிவது என்பது இத்துறையில் ஓயாத வழக்கு. கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியத்தினது 2.70 கிராம். மேற்கூறிய தடிமன்களில் ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு ஏறத்தாழ 37 கிலோவும் அலுமினியத் தகடு 17 கிலோவும் இருக்கும். எந்திரம் முதல் பகிர்வுப் பெட்டி வரை ஒன்றரை சதுர மீட்டர் மூடுவதாகக் கொண்டால் முறையே 56 கிலோ, 26 கிலோ. எஃகின் மீள்மைக் குணகம் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் தகட்டின் வளைவுறுதி அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், அலுமினியத் தகட்டின் கூடுதல் தடிமன் இக்குறையைப் பெரிதும் ஈடுகட்டுகின்றது. இந்த இரண்டு தடிமன்களையும் ஒப்பிட்டால் அலுமினியத் தகடு எஃகுத் தகட்டின் வளைவுறுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகின்றது. எடையோ பாதிக்கும் குறைவு.

ஆனால் உறுதி மட்டுமே கருதத்தக்கதன்று. அலுமினியம் மென்மையானது. கூரிய பாறை அதில் ஆழமாக உழுது பிடித்துக்கொள்ளும். எஃகு கீறலுடன் சறுக்கிச் செல்லும். பாறைமேல் அடிக்கடி ஏறுபவர் எஃகையும், மண்சாலையில் நெடுந்தொலைவு செல்பவர் அலுமினியத்தையும் கொள்வது பொருத்தம் எனலாம். பாலியெத்திலீன் எல்லாவற்றிலும் நன்றாகச் சறுக்கும், துருவும் இல்லை. ஆனால் 130 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடுவதால் புகைக்குழாய்க்கு அருகில் அதைப் பயன்படுத்த இயலாது.

உப்பும் துருவும்

சாலையில் உறைபனி படியாதிருக்க உப்பைத் தூவுவது வட அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய வழக்கம். ஐக்கிய அமெரிக்காவில் நியூ ஹாம்ப்சயர் மாநிலம் 1941-42 குளிர்காலத்தில் இதைப் பொதுக் கொள்கையாக ஏற்றது. உப்புக் கரைசல் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில் உறைவதே இதன் அடிப்படை. சோடியம் குளோரைடு போதாத கடுங்குளிரில் மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் சேர்க்கப்படுகின்றன. பின்னவை இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. எனவே வெயில் அடிக்கும் நாளிலும் வண்டியின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும்.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. நீரில் உப்பு கரைந்திருந்தால் அதன் மின்கடத்துதிறன் கூடி அரிப்பு விரைவாகின்றது. குளோரைடு அயனிகள் உலோகத்தின்மேல் படிந்துள்ள காப்புப் படலத்தையும் சிதைக்கின்றன. உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இதனால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைக்கப்பட்ட தகடுகள் ஆப்பு அடித்ததுபோலப் பிரிந்து விலகுகின்றன. சட்டகத்தில் அடுக்கடுக்காகச் செதிலுரியும் துருவைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர்.

வெப்பம் கூடினால் வேதிவினை விரைவாகும். பனியில் ஓட்டிய வண்டியை இரவில் சூடான கொட்டகையில் நிறுத்துவது நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். உப்பைக் கழுவாமல் அவ்வாறு செய்வது துருவுக்கு உதவுவதாகவே முடியும்.

டகோமா சட்டகங்கள்

டொயோட்டா நிறுவனம் 1995இல் வட அமெரிக்கச் சந்தைக்கென டகோமா பிக்கப்பை அறிமுகப்படுத்தியது. உறுதியான வண்டி என்று பெயர்பெற்ற இதன் எந்திரங்கள் நீண்டகாலம் உழைத்தன. ஆனால் உப்பு தூவும் மாநிலங்களில் சட்டகங்கள் அவ்வாறு உழைக்கவில்லை. எந்திரம் நலமாக இருக்க, சட்டகத்தில் கைவிரல் நுழையும் ஓட்டைகள் காணப்பட்டன. பின்சக்கர இலைவில்கள் பொருத்தப்படும் இடங்களை ஒட்டிச் சட்டகம் முறிந்த நிகழ்வுகளும் உண்டு.

2008இல் அந்நிறுவனம் 1995 முதல் 2000 வரையிலான படிவங்களுக்குச் சட்டகத் துருவுக்கான பொறுப்புறுதியை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. துளைவிழுந்த சட்டகமுடைய வண்டிகளை, மதிப்பீட்டு நூலின் விலையில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்பப் பெறவும் செய்தது. பழைய வண்டிக்குச் சந்தை விலையைவிட மிகுதியான தொகை கிடைத்தது அரிய செய்தி. பின்னர் 2001 முதல் 2004 வரையிலான படிவங்களும் இவ்வகைத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2009 நவம்பரில், 2000-2003 படிவ டுண்ட்ரா பிக்கப்புகள் ஏறத்தாழ 1,10,000 மீட்டழைக்கப்பட்டன. பின்புறக் குறுக்குச் சட்டம் அரிக்கப்பட்டு, அதில் தொங்கும் மாற்றுச்சக்கரம் ஓடும்போதே சாலையில் விழக்கூடும் என்பதும், பின் பிரேக் குழாய்கள் சேதமுறக்கூடும் என்பதும் அதற்குக் காரணங்கள். 2012இல் ஏறத்தாழ 1,50,000 டகோமாக்கள் மாற்றுச்சக்கரத் தாங்கியின் துருவுக்காக மீட்டழைக்கப்பட்டன.

2016 நவம்பரில் ஒரு கூட்டு வழக்கில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2005-2010 டகோமா, 2007-2008 டுண்ட்ரா, 2005-2008 செக்கோயா ஆகியவற்றுள் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகள் இதில் அடங்கின. சட்டகங்களை ஆய்ந்து, வரையறுத்த அளவுக்குத் துருப்பிடித்தவற்றுக்குப் புதிய சட்டகம் பொருத்துவதென ஏற்கப்பட்டது. ஒரு சட்டகத்தை மாற்ற ஆகும் செலவு ஏறத்தாழ 15,000 டாலர் என்றும், மொத்தச் செலவு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்றும் வழக்குத் தரப்பில் மதிப்பிடப்பட்டது. நிறுவனம் தன்மேல் தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கு வாசகர் கருதத்தக்கது ஒன்று உண்டு. உடன்பாட்டின்படி ஒரு வண்டிக்கான காலம், அது முதலில் விற்கப்பட்டதிலிருந்து 12 ஆண்டுகள் என்ற கணக்கை ஒட்டி அமைந்தது. எனவே இவ்வண்டிகளை இன்று பழையதாக வாங்குபவர்க்கு இத்திட்டங்கள் பொதுவாகப் பயன்படா. சட்டகத்தைக் காக்கும் பொறுப்பு முழுதும் உரிமையாளரைச் சேர்ந்தது.

ஆய்வு

செப்பனிடுவதற்கு முன் அடிப்பகுதி முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். சறுக்குத்தகடு பொருத்தியுள்ள வண்டிகளில் தகட்டை இறக்காமல் செய்யும் ஆய்வு ஆய்வே அன்று. தகட்டின் மேற்புறத்தில் சேறும் உப்பும் இலைச்சருகும் ஈரத்துடன் படிந்து, ஆண்டுக்கணக்கில் குறுக்குச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். காக்க வந்த தகடே அரிப்பை மறைத்து வளர்க்கும் முரண் இது.

கழுவி உலர்த்தியபின் சட்டகத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்வர். நல்ல உலோகம் கணீரென ஒலிக்கும். மெலிந்த இடமும் துரு அடர்ந்த இடமும் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய திருப்புளியால் அழுத்திப் பார்ப்பதும் உண்டு. திருப்புளி உள்ளே சென்றுவிட்டால் பூச்சைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. பெட்டிவடிவச் சட்டத்தின் உட்புறத்தை, வடிதுளை வழியாக நுழைக்கும் மலிவான கம்பிக் கேமரா கொண்டு பார்க்கலாம். இலைவில் தாங்கிகள், குறுக்குச் சட்டங்களின் இணைப்புகள், எரிபொருள் தொட்டியின் மேற்புறம், பிரேக் குழாய்களைப் பற்றியிருக்கும் கவ்விகளின் அடி ஆகியன தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள். பிரேக் குழாய் துருவால் வெடித்தால் எச்சரிக்கை எதுவுமின்றிப் பிரேக்கின் அழுத்தம் இழக்கப்படும். உயிருக்கு நேரடியான ஆபத்து இங்குதான்.

ஐக்கிய இராச்சியத்தின் ஆண்டுத் தகுதித் தேர்வில், இருக்கைப்பட்டை, தொங்கமைப்பு முதலியவற்றின் பொருத்திடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் உள்ள கடுந்துரு வண்டியைத் தகுதியிழக்கச் செய்யும். அவ்விடங்களில் ஒட்டுத்தகடு வைத்தால் அதன் விளிம்பு முழுதும் இடைவிடாமல் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. சில மாநிலங்களில் ஆண்டுத் தேர்வே இல்லை. அதனால் பழைய வண்டி ஒன்று மாநில எல்லை கடந்து விற்கப்படும்போது துரு மறைந்து செல்வதுண்டு. புதிதாகக் கரும்பூச்சு அடிக்கப்பட்ட பழைய சட்டகத்தைக் கண்டால் வாங்குபவர் மகிழ்வதைவிட ஐயுறுவதே அறிவுடைமை.

சட்டகத்தைச் செப்பனிடல்

மேலோட்டமான துருவை நீக்குவது பொறுமை வேண்டும் வேலை. செதிலாக உள்ளதைச் சுத்தியலாலும் காற்றால் இயங்கும் ஊசிச் செதுக்கியாலும் உதிர்த்து, பின்னர் கம்பித் தூரிகை பொருத்திய சாணையால் தேய்ப்பர். இடுக்குகளில் எஞ்சிய துருவின்மேல் துருமாற்றி தடவப்படுகின்றது. இதில் பாசுபாரிக் அமிலமோ தானிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவை இரும்புப் பாசுபேட்டாகவும், பின்னது கருநிற இரும்புத் தானேட்டாகவும் மாற்றுகின்றது. மாற்றி என்ற பெயரைக் கேட்டு, உதிரும் செதிலின்மேலேயே தடவிவிடுவோர் உண்டு. அது மேலடுக்கை மட்டுமே மாற்றும். அடியில் அரிப்பு தொடரும்.

தூய உலோகம் தெரியும் இடங்களில் துத்தநாகம் செறிந்த முதற்பூச்சு நல்லது. துத்தநாகம் இரும்புக்கு முன்னர்த் தானே அரிந்து இரும்பைக் காக்கும். ஆயின் துத்தநாகத் துகள்கள் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் இது நிகழும். துருவின்மேல் அப்பூச்சைத் தடவுவதால் பயன் இல்லை. அவ்விடங்களில் எபாக்சிப் பூச்சு பொருத்தமானது.

துளை விழுந்த சட்டகத்தைச் செப்பனிடுவது தேர்ந்த பற்றவைப்பாளரின் பணி. அரிக்கப்பட்ட பகுதியை முழுமையாக வெட்டியெடுத்து, நல்ல உலோகம் தொடங்கும் இடம்வரை சென்ற பின்பே புதிய தகட்டை இணைக்க வேண்டும். மேலே வைக்கும் வலுவூட்டுத் தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாகவோ சாய்சதுரமாகவோ வெட்டுவர். சட்டத்தின் உயரத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் பற்றவைத்தால் தகைவு அக்கோட்டில் குவிந்து, பின்னொரு நாள் அங்கேயே விரிசல் காணும். அரிப்பு பல இடங்களில் பரவியிருந்தால் சட்டகத்தை மாற்றுவது அல்லது வண்டியைக் கைவிடுவது ஆகிய இரண்டே வழிகள். ஒட்டின்மேல் ஒட்டு வைத்து ஓட்டுவது சாலையில் செல்லும் பிறருக்கும் தீங்கு.

பற்றவைப்புக்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். எரிபொருள் தொட்டியும் குழாய்களும் அருகில் இருந்தால் அகற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய பகுதியைச் சுடும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. பிரேக் துடைப்புநீர்களுள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் உள்ளன. அவற்றால் துடைத்த உலோகத்தை உலருமுன் பற்றவைத்தால், மின்வில்லின் வெப்பத்தாலும் புற ஊதாக் கதிராலும் பாசுசீன் வளி உண்டாகலாம். முதலாம் உலகப்போரில் நச்சு ஆயுதமாகப் பயன்பட்ட வளி இது. சிறிதளவே நுரையீரலைச் சிதைக்கப் போதும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். குளோரின் இல்லாத துடைப்புநீரைப் பட்டறையில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, அந்த ஜாக்கியை மட்டுமே நம்பி அடியில் நுழைவதும் கூடாது. சமதரையில் எடைதாங்கு முக்காலிகளின்மேல் சட்டகம் அமர வேண்டும். துருப்பிடித்த இடத்தின் அடியில் முக்காலியை வைக்கலாகாது என்பதைத் தனியே கூற வேண்டியுள்ளது. மெலிந்த சட்டம் அங்கேயே நசுங்கி வண்டி இறங்கிவிடும்.

பூச்சுகள்

ரப்பர் அல்லது தார் கலந்த கெட்டிப் பூச்சு பழைய முறை. புதிய உலோகத்தின்மேல் இது கல் தெறிப்பைத் தாங்கும், ஒலியையும் குறைக்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கும். வெடிப்பினுள் நுழையும் உப்புநீர் வெளியேற இயலாமல் பூச்சின் அடியிலேயே தங்கி அரிக்கும். பழைய வண்டிக்கு இதனைத் தவிர்ப்பது நன்று.

மெழுகுப் பூச்சும் எண்ணெய்ப் பூச்சும் இறுகுவதில்லை. நீரை விலக்கி, கீறல் விழுந்தாலும் ஓரளவு தாமே பரவி மூடிக்கொள்ளும். ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லனோலின் கொழுப்பை அடிப்படையாகக் கொண்ட பூச்சுகள் இவ்வகையின. இவற்றின் குறை, கழுவக் கழுவத் தேய்ந்து போவது. குளிர்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டத்தின் உட்புறத்துக்கு, எல்லாப் பக்கமும் தெளிக்கும் நுனியுடைய நீண்ட குழலைத் துளைவழியே நுழைத்துத் தெளிப்பர். 1959இல் டெட்ராயிட்டில் தொடங்கிய சீபார்ட் நிறுவனம் உட்குழிவுகளில் தெளிக்கும் முறையை வணிகமாக்கிப் பெயர்பெற்றது. வெளிப்புறத்தைவிட உட்புறத்துக்கே இது மிகுதியும் தேவை.

பிரேக் வட்டுகள், புகைக்குழாய், ஆக்சிசன் உணரிகள், ரப்பர் உறைகள் ஆகியவற்றின்மேல் பூச்சு படலாகாது. வடிதுளைகளைப் பூச்சு அடைத்துவிட்டால் செய்த வேலை எல்லாம் எதிர்ப்பயனையே தரும்.

தகட்டைச் செப்பனிடலும் மேம்படுத்தலும்

வளைந்த எஃகுத் தகட்டைக் கழற்றி நீரழுத்த எந்திரத்தில் வைத்தோ, கனமான மரக்கட்டைகளின்மேல் கவிழ்த்துப் பெருஞ்சுத்தியலால் அடித்தோ நிமிர்த்தலாம். தேவையெனில் மெல்லெஃகைச் சூடாக்கலாம். அலுமினியத்தைச் சூடாக்குவது இடர் மிக்கது. அது செந்நிறம் காட்டாமலே உருகிவிடும். சூட்டால் வலிமையும் இழக்கும். விரிசல் கண்டால் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, விரிசலை ஆங்கில வி எழுத்தின் வடிவில் தேய்த்துத் திறந்தபின் பற்றவைப்பர். துளையிடாமல் பற்றவைத்தால் விரிசல் பற்றவைப்பைத் தாண்டி ஓடும்.

தகட்டைக் கழற்றுவதே பல வேளைகளில் பெரும்பாடு. போல்ட்டு என வழங்கும் மரையாணி, சட்டகத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட நட்டுடன் துருவால் இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் தலை ஒடியும், அல்லது நட்டு சட்டகத்திலிருந்து பிய்ந்து உள்ளேயே சுழலும். பிய்ந்த நட்டுக்குப் பதிலாகத் தறையாணி வகை நட்டைப் பொருத்துவது எளிதானாலும், வண்டியின் எடை தகட்டின்மேல் விழும்போது அது தாங்காமல் போகலாம். பற்றவைத்த நட்டே தகுந்தது.

புதிய தகடு பொருத்தும்போது கவனிக்க வேண்டியது இடைவெளி. தகடு மோதலில் வளையும். எண்ணெய்த் தொட்டியை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு, அடியை அப்படியே தொட்டிக்குக் கடத்திவிடும். தகடு தன் பின்விளிம்பில் அடுத்த தகட்டின்மேல் படியாமல், அதற்குக் கீழே அமைய வேண்டும். அவ்வாறன்றி, பின்னுள்ள தகட்டின் முன்விளிம்பு கீழே நீட்டிக்கொண்டிருந்தால் பாறையில் ஏர்க்கொழுபோலச் சிக்கும். மரையாணித் தலைகளும் தகட்டின் பரப்பிலிருந்து உள்வாங்கி இருக்க வேண்டும். வெளியே நின்றால் பாறையில் தேய்ந்து, பின்பு எந்தச் சாவியும் பிடிக்காது. அலுமினியத் தகட்டை எஃகு மரையாணியால் பிணைக்கும்போது உப்புநீரில் அலுமினியம் அரிக்கப்படுவதால், இடையே நைலான் வாசர் வைப்பது பயன்தரும்.

எண்ணெய் மாற்றும் துளைகள், நீர் வடியும் துளைகள், காற்றுத் திறப்புகள் ஆகியன இல்லாத தகட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குதல் கூடாது. எந்திர அறைக்குள் வந்த காற்று கீழ்வழியாகவே பெரிதும் வெளியேறுகின்றது. அதை அடைத்தால் சுமையிழுத்து மலையேறும்போது வெப்பம் கூடும். மேலும், தகட்டின் எடை வண்டியின் சுமையளவில் கழியும். முன் அச்சின்மேல் 50 கிலோவுக்கு மேல் கூடினால் முன்பக்கம் தாழ்ந்து, தகட்டால் பெற நினைத்த தரை இடைவெளியையே சிறிது இழக்க நேரும்.

ஆத்திரேலியாவின் உள்நாட்டில் வேறோர் இடர் உள்ளது. இசுபினிபெக்சு என்னும் பிசின் மிகுந்த காய்ந்த புல், தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையே சேர்ந்து தீப்பற்றும். டீசல் துகள்வடிகட்டி தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும்போது புகைக்குழாய் மிகச் சூடாவதால் இவ்விடர் கூடியுள்ளது. அங்குப் புல்வெளியில் ஓட்டுபவர்கள் அவ்வப்போது நிறுத்தி, கம்பிக் கொக்கியால் புல்லை இழுத்து அகற்றுகின்றனர். பெரிய தகட்டை வாங்கியவருக்கு இவ்வேலை கடினமாகின்றது.

அண்மைக் காலத்தில் திருட்டைத் தடுக்கவும் தகடுகள் பொருத்தப்படுகின்றன. வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. 2019-2021 காலத்தில் ரோடியம், பல்லேடியம் ஆகியவற்றின் விலை பெரிதும் ஏறியதால் இவற்றை அறுத்தெடுக்கும் திருட்டு ஐக்கிய அமெரிக்காவில் பெருகியது. பிக்கப் சரக்குந்து உயரமானது. ஜாக்கி இன்றியே அடியில் நுழையலாம். மாற்றியை மறைக்கும் தகடு திருடனை முற்றிலும் தடுக்காது. அறுக்கும் நேரத்தை நீட்டிக்கும். இத்தகட்டில் காற்றுத் துளைகள் மிகுதியாக இருத்தல் வேண்டும். மாற்றி இயங்கும்போது பல நூறு பாகை வெப்பத்தை அடைகின்றது.

பராமரிப்பு

குளிர்காலம் முழுதும், வெப்பநிலை உறைநிலைக்கு மேல் ஏறும் நாள்களில் அடிப்பகுதியை நீர்ப்பீச்சலால் கழுவுவது வழக்கம். வசந்தம் பிறந்ததும் தகடுகளை இறக்கி இருபுறமும் கழுவி, மரையாணிகளுக்கு இறுகல்தடுப்புப் பசை தடவி மீண்டும் பூட்டுவர். பசை தடவிய மரையில் உராய்வு குறைவதால், உலர் நிலைக்குக் குறித்த முறுக்குவிசையை அப்படியே கொடுத்தால் மரையாணி அளவுக்கு மீறி இழுபடும். சிறிது குறைத்தே முறுக்க வேண்டும். புதிதாகப் பொருத்திய தகட்டின் மரையாணிகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை சரிபார்த்தல் நன்று. தகட்டிலிருந்து கடகடவென ஒலி எழுந்தால் அது பெரும்பாலும் தளர்ந்த மரையாணியோ உள்ளே அகப்பட்ட கல்லோதான்.